நைட் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள்

துணி துவைக்கிற கல்லின் மேல் காலோடு காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. முழுப் பரீட்சை லீவு. கல் வெயிலில் சுடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அடக்கி வைத்திருப்பது போய்விடும்.

அம்மா சமையலறைப் படியில் நின்று, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்கிறாள்: "இன்னும் கொஞ்ச நேரம் அடக்கிக்கோடி. அப்பா தூங்கிக்கினு இருக்காரு இல்ல?"

கக்கூஸ் கதவு கண்ணுக்கு எதிரேதான் இருக்கிறது. கழுவி விட்டு, பினாயில் வாசனையோடு, காலியாகக் கிடக்கிறது. சொந்த வீட்டுக் கக்கூஸ். ஆனால் அதற்குள் போக எனக்கு அனுமதி இல்லை. அதன் சுவரும் அப்பா தூங்குகிற அறையின் சுவரும் ஒரே சுவர்.

தம்பி சேவியருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. காம்பவுண்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் போய் நின்றுவிட்டு வந்துவிடுவான். பெண் பிள்ளை நான் எங்கே போவேன்? முருங்கை மரத்தில் ஏறி இறங்குகிற அணிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அடிவயிறு கொதிக்கும். கொஞ்ச நேரத்தில் கொதிப்பு அடங்கி மரத்துப் போகும். 'அப்பாடா, போயிடுச்சு' என்று நினைத்துக்கொள்வேன். எங்கே போகும்? அத்தனையும் உள்ளேயேதான் இருந்தது.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிற வாசகி ஒருவர் போனில் கேட்டார். "ஸ்கூல் பத்தி எழுதினீங்க, மார்க்கெட் பத்தி எழுதினீங்க, கிறிஸ்துமஸ் பலகாரம்கூட வந்துடுச்சு. உங்க அப்பாவைப் பத்தி மட்டும் ஒரு வரிகூட வரலியே மேடம்?"

கெட்டிக்காரப் பெண்மணி. உண்மைதான். இத்தனை வாரமும் அவரைச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போனேன். சின்ன வயதுப் பழக்கம், லேசில் விடுமா?

ஜன்னலில் ஒரு போர்வை

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் டவுன்ஷிப்பில் வீட்டுக்கு வீடு நேரம் வேறு. ஒரு வீட்டில் காலை எட்டு மணிக்கு இட்லி வேகும். அடுத்த வீட்டில் அதே எட்டு மணி நடு ராத்திரி. நிலக்கரிச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்த மனிதர் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி, குளித்து, ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்.

அந்த வீட்டு ஜன்னலில் வெளிச்சம் வராதபடி ஒரு கம்பளிப் போர்வையைக் கட்டியிருப்பார்கள். பகலில் போர்வை கட்டிய ஜன்னலைப் பார்த்தால் தெருவே குரலைத் தாழ்த்தும். பால்காரர் சைக்கிள் மணியை அடிக்க மாட்டார். பையன்கள் ஸ்டம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். திருநெல்வேலிக்காரர், தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர் என்று எல்லா மாவட்டத்து ஜனமும் ஒன்றாக வந்து விழுந்த ஊரில், யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் கடைப்பிடித்த மரியாதை அது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

இந்த நல்ல பழக்கத்தின் பின்னால்தான் என் அப்பா ஒளிந்துகொண்டார்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. மாதா கோயிலில் முதல் பெஞ்ச். தேர் இழுக்கிற நாளில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பிளாக்கில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடுகிறவர். "அருள்தாஸ் மாதிரி ஒரு மனுஷன் உண்டா?" என்பார்கள். கதவை மூடிய பிறகு உள்ளே இருந்த அருள்தாஸை அவர்களுக்குத் தெரியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியும். குவார்ட்டர்ஸ் சுவர் அப்படி ஒன்றும் கனமானதில்லை. எங்கள் அலறல் கேட்கும்போது பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தம் கொஞ்சம் கூடும். மறுநாள் யாராவது அம்மாவிடம் சமாதானம் சொல்வார்கள்: "பாவம், நைட் ஷிப்ட் பாத்துட்டு வர்ற மனுஷன். உடம்பு அலுப்பு இல்லீங்களா?"

மறுவாரம் அவருக்குப் பகல் நேர ஃபர்ஸ்ட் ஷிப்ட் வரும். அப்போதும் அடி விழும். அதற்கு யாரிடமும் விளக்கம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சுரங்கத்தில் தேய்ந்த பெல்ட் ரப்பரை வெட்டி எல்லா வீட்டு வாசலிலும் மிதியடியாகப் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதே ரப்பரில் இன்னொரு நீளத் துண்டு இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதில் யாரும் கால் துடைத்ததில்லை.

சங்கிலியை இழுத்த நாள்

அன்றைக்கு அடக்க முடியவில்லை. பூனை மாதிரி உள்ளே போய்விட்டேன். போனதோடு வந்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சுகாதாரப் பாடம் நடத்தியிருந்தார்களே! நல்ல பிள்ளையாக, தலைக்கு மேல் தொங்கிய சங்கிலியைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

அந்தக் காலத்து இரும்புத் தொட்டி. ஊரே இடிந்து விழுகிற மாதிரி இரைந்துகொண்டு தண்ணீர் இறங்கியது. நான் கதவைத் திறந்தபோது அப்பா வெளியே நின்றுகொண்டிருந்தார். லுங்கி, கலைந்த தலை, சிவந்த கண். இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து ஒரே அறை.

காதுக்குள் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம் புறப்பட்டது. இப்போதும் அது முழுசாக நின்றுவிடவில்லை. ஊர் அடங்கி, மின்விசிறியும் நின்றால், அது எனக்குக் கேட்கும்.

ரெண்டு நாள் கழித்துக் காதில் சீழ் வந்ததும் கடலூரில் ஒரு தனியார் டாக்டரிடம் அப்பாவே கூட்டிப் போனார். "ஊஞ்சல்லேர்ந்து விழுந்துட்டா டாக்டர். சொன்னா கேக்கறதே இல்ல" என்று என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்து, "குறும்புக்காரியா நீ?" என்றார். நான் தலையாட்டினேன். திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். இளஞ்சிவப்பாக, ஐஸ் மிதந்துகொண்டு. அந்த வாசனை இன்றைக்கும் எனக்குக் குமட்டும். யாராவது கல்யாண வீட்டில் நீட்டினால் எழுந்து போய்விடுவேன்.

இடது காதில் பாதிதான் கேட்கும். பஸ்ஸில் ஏறினால் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன், பக்கத்தில் இருப்பவர் நல்ல காதுப் பக்கம் வரட்டும் என்று. "ஜன்னல் ஸீட்டுன்னா உனக்கு அவ்ளோ ஆசை" என்று என் கணவர் இத்தனை வருஷமாகக் கிண்டல் செய்கிறார்.

முருங்கையும் பிள்ளையும்

ரோஸ் மில்க் கதையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? "பாத்தியா, அடிக்கிற கைதான் அணைக்கும்!"

நம் ஆட்களுக்கு இதற்குப் பழமொழிப் பஞ்சமே கிடையாது. அடியாத மாடு படியாதாம். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டுமாம், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டுமாம். எங்கள் பின்கட்டு முருங்கையை அம்மா வருஷா வருஷம் ஒடித்தாள். அது மரம். ஒடித்த இடத்தில் துளிர்த்தது. எனக்குக் காதில் எதுவும் துளிர்க்கவில்லை.

இந்த வாரம் முழுக்க எனக்குப் போன் மேல் போன். பெரியப்பா மகன் ஒருவர் பேசினார். "எங்கப்பா அடிக்காத அடியா? நாங்க நல்லா இல்லியா?" என்றார். அண்ணனுக்கு நாற்பது வயதிலேயே பிரஷர். சாயங்காலமானால் பாட்டில் இல்லாமல் முடியாது. பெற்ற மகன் இவரோடு பேசி வருஷமாகிறது. இதற்குப் பெயர்தான் நல்லா இருப்பது என்றால், அந்த நல்லதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர்கள் ஏன் போன் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

பாய் வீட்டு அத்தை

எல்லோரும் ரேடியோ சத்தத்தைக் கூட்டவில்லை. பின்பக்க வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. நெல்லிக்குப்பத்துக்காரர்கள். அந்த வீட்டு அம்மாளை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்லின் மேல் நான் நெளிவதைச் சில நாள் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் வேலி இடுக்கை விலக்கிக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"வா புள்ள. எங்க வூட்டுல போ. எவ்ளோ நேரம் அப்படிக் குந்திக்கினு இருப்ப?"

அவர் வீட்டுக்காரருக்கும் அன்று நைட் ஷிப்ட்தான். கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். தலைமாட்டில் அவர் பிள்ளைகள் பல்லாங்குழி ஆடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பயந்துபோய் அத்தையைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"அவரா? பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் தெரியாது. அப்படியே முழிச்சாலும் திரும்பிப் படுத்துக்குவாரு. இவரும் அதே சுரங்கத்துக்குத்தான் போயிட்டு வர்றாரு, உங்கப்பா போற அதே பஸ்ஸுல."

அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலில் கோபம் வந்தது. அதே ஷிப்ட், அதே பஸ், அதே குவார்ட்டர்ஸ். அப்படியானால் அடிப்பது ஷிப்ட் இல்லை, அப்பாதான்.

ஒருநாள் அப்பா சீக்கிரம் எழுந்துவிட்டார். வேலி இடுக்கில் நான் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டார். "சொந்த வூட்டுல கக்கூஸ் இல்லாத மாதிரி ஊருக்குக் காட்டிக்கினு வர்றியா?" ரப்பர் துண்டு ஆணியிலிருந்து இறங்கியது. கெண்டைக்கால் இரண்டும் வீங்கின. அடுத்த லீவு நாளில் வேலி இடுக்கில் தகரம் அடித்தார். அத்தை தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, எங்கள் வீட்டுக்கே கேட்கும்படி, "படுபாவி" என்று சொன்னார். என் பிள்ளைப் பருவத்தில் எனக்காக ஒரு பெரியவர் சத்தம் போட்டது அந்த ஒரு தரம்தான்.

"தண்ணி நிறைய குடிங்க"

அதற்குப் பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டால்? குடித்தால்தானே போக வேண்டும்! ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். மத்தியானம் அப்பா எழுகிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் இறங்காது.

பத்தாவது படிக்கும்போது குளிர்க் காய்ச்சல். பல் கிட்டிப் போகிற நடுக்கம். நீர்க்கடுப்பு என்றார்கள். மாத்திரை கொடுத்து, "தண்ணி நிறைய குடிக்கணும்மா" என்றார்கள். கல்லூரியில் ரெண்டு தரம். கல்யாணமான புதிதில் ஒரு தரம். அப்போது மாமியார் வீட்டில் காதோடு காதாக என்னென்னவோ பேசினார்கள். பிள்ளை உண்டாகியிருந்தபோது வந்த காய்ச்சலில் நானும் மகனும் பிழைத்ததே பெரிது. ஒவ்வொரு தரமும் அதே மாத்திரை, அதே புத்திமதி. ஏன் இவளுக்கு மட்டும் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் பிரஷர் வந்தது. "டீச்சர் வேலைன்னா டென்ஷன் இருக்கும்" என்றார்கள்.

டீச்சர் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் எந்தப் பிள்ளை எழுந்து நின்று "மிஸ்" என்று விரலைக் காட்டினாலும், போ என்பேன். பாடம் நடந்தாலும் போ, பரீட்சை நடந்தாலும் போ. "நீங்க ரொம்ப எடம் குடுக்கறீங்க மிஸ்" என்று சக டீச்சர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். பீரியட் முடிகிற வரைக்கும் அடக்கிக்கொள் என்று பிள்ளையிடம் சொல்கிற டீச்சர்களே, உங்களைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சமீபத்தில் கால் வீங்கியது. பாண்டிச்சேரியில் ஒரு சிறுநீரக டாக்டரிடம் போனோம். என் மகன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சிறுநீரகம் சுருங்கிப் போயிருக்கிறது, இன்னொன்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பிறகு கேட்டார்.

"சின்ன வயசுல ஒண்ணுக்கு வந்தா ரொம்ப நேரம் அடக்கி வெப்பீங்களாம்மா?"

எத்தனை டாக்டர், எத்தனை வருஷம்! இந்தக் கேள்வியைக் கேட்க இந்தச் சின்னப் பெண் பிறந்து, படித்து வர வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கல், போர்வை, சங்கிலி, காது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "இது மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வளர்ற வயசுல வருஷக்கணக்கா அடக்கினா நீர்ப்பை தளர்ந்து போகும். முழுசா காலியாகாது. கிருமி தங்கி மேல கிட்னி வரைக்கும் ஏறும். பயந்துகிட்டே வளர்ந்த உடம்பும் சீக்கிரம் ஓய்ஞ்சு போகும்மா. பிரஷர், தூக்கமின்மை எல்லாம் வரும். நீங்க அதை மறந்தாலும் உடம்பு மறக்காது."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் கணவர் சொன்னார்: "இதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்லுவாங்க? மாமாவைப் பத்தி அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்?"

சுருங்கிப் போனது என் சிறுநீரகம். கவலையெல்லாம் மாமாவின் பெயரைப் பற்றி!

சேவியர் வீட்டில்

அப்பாவுக்கு எண்பது ஆகிறது. ரிடையர் ஆன பிறகு சேத்தியாத்தோப்பில் வீடு கட்டினார். அம்மா போன பின் அங்கே தனியாக இருக்கப் பிடிக்காமல் தம்பியோடு வந்துவிட்டார். சேவியருக்கும் சுரங்கத்தில்தான் வேலை. பர்மனென்ட் ஆகவே நாளாகிவிட்டது. கல்யாணமும் தாமதம், குழந்தையும் தாமதம். அவன் மகள் ஜெனிக்கு இப்போதுதான் எட்டு வயது. பெரிய இயந்திரம் ஓட்டுகிறவன் அவன். அது நகர்ந்தால் தரை அதிரும்.

போன வாரம், கோடை லீவில் ஒருநாள் காலை, மாம்பழம் வாங்கிக்கொண்டு அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். படுக்கையறை ஜன்னலில் போர்வை கட்டியிருந்தது. சேவியருக்கு நைட் ஷிப்ட். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அப்பா ஹாலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உதட்டில் விரலை வைத்து எனக்குச் சைகை காட்டினார்.

சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஜெனி நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிலையை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

"பாத்ரூம் போகணுமா கண்ணு?"

"அப்பா எந்திரிச்ச அப்புறம் போறேன் அத்தை."

"யார் சொன்னது?"

"தாத்தா. ஃப்ளஷ் சத்தத்துல அப்பா எந்திரிச்சுடுவாங்களாம். முன்ன ஒரு தடவை போயிட்டேன். அதுக்கு..." சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். கையின் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், கன்றிப்போன தடங்கள். சில பச்சை, சில கறுப்பு. "அம்மாட்ட சொன்னா அப்பாவுக்குத்தான் கஷ்டம்னு தாத்தா சொன்னாங்க. இன்னிக்கும் காலைல கிள்ளுனாங்க. நான் சத்தமே போடல அத்தை. கொஞ்சம்தான் அழுதேன்."

சத்தமே போடவில்லையாம். அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகச் சொன்னாள்.

அவளைக் கக்கூஸுக்குக் கூட்டிப் போனேன். முடித்துவிட்டு வெளியே வந்து ஃப்ளஷைத் தொடாமல் நின்றாள். "சத்தம் வரும்" என்றாள். வரட்டும் என்று நானே அழுத்தினேன்.

அப்பா எழுந்து வந்துவிட்டார். கத்துகிறார், ஆனால் கிசுகிசுவென்று கத்துகிறார்! "அறிவு இருக்கா உனக்கு? நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து புள்ள தூங்கிக்கினு இருக்கான்."

"குழந்தையைக் கிள்ளுனீங்களா?"

"கண்டிச்சேன். நல்ல புள்ளயா வளர வேணாமா? ஜெனி சொன்னா கேட்டுக்கும். உன்ன மாதிரி இல்ல."

"என்னைக் கண்டிச்சதுல ஒரு காது போச்சு. ஒரு கிட்னி போச்சு. இவகிட்ட என்ன எடுக்கலாம்னு இருக்கீங்க?"

அந்த மனிதர் இருக்கிற வீட்டில் வாழ்க்கையில் முதல் தடவையாக முழுக் குரலில் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

"உன்ன என்ன கொன்னா போட்டேன்?" என்றார். "சோறு போட்டு, படிக்க வெச்சு, டீச்சராக்கி விட்டிருக்கேன். நன்றி கெட்ட நாயி."

கொல்லவில்லை. அவர் கணக்கில் அதுவே பெரிய உபகாரம்.

சேவியரை எழுப்பிவிடுவது என்று படுக்கையறைக் கதவைத் தள்ளினேன். எழுப்ப வேண்டிய வேலை இருக்கவில்லை. மல்லாந்து படுத்து, திறந்த கண்ணோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படா முழிச்ச?"

"தூங்கவே இல்லக்கா. வந்து படுப்பேன். தூக்கம் வராது. வருஷக்கணக்கா இப்படித்தான். மாத்திரை போட்டாலும் அரைத் தூக்கம்தான்."

"அப்ப காலைல அவரு இவளைக் கிள்ளுனது..."

"கேட்டுச்சு."

"இவ அழுதது?"

"கேட்டுச்சுக்கா."

"ஏண்டா எந்திரிச்சு வரல? பெத்தவன்தானடா நீ?"

அவன் சுவரைப் பார்த்தான். "கால் வரலக்கா" என்றான். "அவரு அந்தக் குரல்ல பேச ஆரம்பிச்சா எனக்குக் கால் வராது. சின்ன வயசுல கட்டிலுக்கு அடியில படுத்திருப்பேனே, அதே மாதிரி ஆயிடுது. அங்க அவ்ளோ பெரிய மெஷினை ஓட்டுறேன். இங்க கதவைத் திறக்க முடியல."

அதற்கு மேல் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது. அப்படியே எழுந்து என்னோடு ஹாலுக்கு வந்தான். அப்பா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்திருந்தார்.

"அப்பா, இனிமே ஜெனி மேல கை வெச்சீங்கன்னா..." என்று தொடங்கினான்.

"வெச்சா என்னாடா பண்ணுவ?"

ஐம்பதைத் தொடப் போகிற ஆண்பிள்ளை, வேர்த்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஆனாலும் சொல்லிவிட்டான். "உங்க வூட்டுக்குப் போயிடுங்க. சேத்தியாத்தோப்புக்கு. சமைக்க ஆள் வெச்சுத் தரேன், மருந்து மாத்திரை வாங்கித் தரேன். இது என் பேர்ல அலாட் ஆன குவார்ட்டர்ஸ். இங்க இருக்காதீங்க."

அன்று சாயங்காலமே கார் வைத்து அனுப்பிவிட்டோம். இந்த வாரப் போன்களெல்லாம் அதற்காகத்தான். வயதான காலத்தில் பெற்ற அப்பனைத் துரத்தலாமா, கர்த்தர் மன்னிப்பாரா, ஊர் என்ன பேசும்? எல்லாக் கேள்வியும் கேட்டார்கள். ஜெனியின் கை எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் அவர்கள் ஏசியதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. காருக்குச் சொல்லிவிட்டு சேவியர் சோபாவில் சரிந்து உட்கார்ந்தபோது, ஜெனி அவன் முன்னால் போய் நின்றாள். பெரியவர்கள் பேசிய எல்லாவற்றையும் அவள் கேட்டிருந்தாள்.

"அப்பா, நீங்க முழிச்சிக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமாடா."

"நான் அழுதப்பவுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமாடா. அப்பாவுக்குப் பயமா இருந்துச்சு" என்று அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

என் காதைக்கூட விட்டுவிடுவேன். அந்தப் பிள்ளை தன் அப்பனை அன்றைக்குப் பார்த்த பார்வைக்கு மட்டும் என் அப்பாவை நான் மன்னிக்கப் போவதில்லை.